சம்பளச் சடுகுடு

தென்காசியில் பந்தல்கார அண்ணாச்சியின் கிட்டங்கிக்கு யார் போனாலும் ஒரே வரவேற்புதான். சவுக்குக் கம்புகளுக்கும் தென்னங்கீற்றுக் கட்டுகளுக்கும் நடுவிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "வாங்க வாங்க, சரியான நேரத்துக்கு வந்திய" என்பார். கல்யாணத்துக்குப் பந்தல் பேச வந்தவருக்கும் அதுதான், கோயில் கொடைத் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வந்தவருக்கும் அதுதான். ஒருமுறை கூரை வழியாக இறங்கிக் கயிற்றுச் சுருளோடு ஓடப் பார்த்த ஒருவனை ஆட்கள் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினார்கள். அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரியான நேரத்துக்கு வந்தலே. வண்டியில கம்பு ஏத்த ஆள் இல்லாம முழிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார். அவன் ஏற்றினான். அப்புறம் பல வருஷம் அங்கேயே வேலை பார்த்தான். கயிறு முழுக்க அவன் பொறுப்பில்தான் இருந்தது.

வந்தவரைத் திருப்பி அனுப்ப அவருக்கு வராது. சிலருக்கு நீச்சல் வராதே, அந்த மாதிரி. நானோ அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில், வெள்ளைக் கால்சட்டை, விதிமுறை என்று வாழ்ந்தவன். தாமதமாக வரும் பையன்களை வெளியே நிறுத்துவது எனக்குக் கடமை, அவருக்குப் பாவம். எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போட வந்தவர், நான் வெயிலில் நிறுத்தி வைத்திருந்த பையன்கள் தலைக்கு மேலேயும் நாலு கீற்றைச் சாய்த்துவிட்டுப் போனார். போய்க் கேட்டேன். "நிக்கட்டும் சார்வாள், நான் வேண்டாம்னா சொல்லுதேன்? நிழல்ல நிக்கட்டும்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து என் சாயங்காலங்கள் அவர் கிட்டங்கியில்தான் கழிந்தன. அந்த மனிதரிடம் சண்டை போடுவதில் ஒரு சுகம் இருந்தது.

ஆள் ஒல்லி. பேசும்போது கை சும்மா இருக்காது. கயிற்றுத் துண்டோ துண்டின் நுனியோ எது கிடைத்தாலும் முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசுவார். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அவிழாத முடிச்சு. பேச்சு முடிந்து நாம் எழுந்தால், பக்கத்தில் வைத்திருந்த நம் குடைப்பிடியில் ஒரு முடிச்சு விழுந்திருக்கும். வீட்டுக்குப் போய் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அவர் கிட்டங்கி வாசலில் கீற்று முடைந்துகொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். முழங்காலுக்குக் கீழே கால் வளைந்திருக்கும். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்திலேயே அவனைப் போலச் சடுகுடு பாடிப் போகிறவன் கிடையாது. ஒரு கோயில் கொடையில் ஆடும்போது காலை முறித்துக்கொண்டான். ஊர் கூடி அவன் தோளில் ஒரு துண்டைப் போட்டு அனுப்பிவைத்தது. அந்த வருஷம் அவனால் உழ முடியவில்லை, குத்தகை வயலும் போயிற்று. வேலை கேட்டு வந்து நின்றான். வந்தவனை அண்ணாச்சி என்ன செய்வார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கொடைக்குப் பந்தல் போட்டவரே அண்ணாச்சிதான். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறிவிடும்.

"சார்வாள், மேளம் வாசிச்சவருக்குச் சம்பளம். லைட்டு கட்டினவனுக்குச் சம்பளம். பந்தல் போட்ட எனக்கும் சம்பளம். அம்புட்டுச் சனமும் எவனைப் பாக்க வந்துச்சோ அவனுக்கு மட்டும் துண்டா?"

"விளையாட்டுன்னா அப்படித்தான் அண்ணாச்சி. காசு வாங்கிட்டு ஆடினா அது விளையாட்டே இல்லை" என்றேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இவன் பிள்ளைகள்ட்ட போயி அதைச் சொல்லுங்க" என்றார். நான் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. மாநில எல்லை பிரித்ததில் செங்கோட்டை நம் பக்கம் வந்து சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, அதனால் பந்தல் சாமானெல்லாம் கிட்டங்கியில் சும்மா கிடக்கும். குற்றாலத்திலோ அதே ஆடியில்தான் சாரலும் சீசனும். வெளியூர்க்காரர்கள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மத்தியானம் தூங்கி எழுந்து, சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் கடைவீதியில் நடப்பார்கள். சும்மா கிடக்கும் பந்தலையும் சும்மா நடக்கும் சனத்தையும் ஒன்றாகச் சேர்க்க அண்ணாச்சிக்கு யோசனை வந்துவிட்டது. கொட்டகை போட்டு, டிக்கெட் வைத்து, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களை வைத்துச் சடுகுடு.

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். கேட்டதும் அவர் சொன்னது இது: "கல்யாணம் இல்லாத மாசத்துல பந்தல் போடுதாகளாம். மாப்பிள்ளை யாரு, இவுகளா?"

போட்டியை எப்படி நடத்துவது என்று என்னிடம் யோசனை கேட்டார். தோற்கிற அணி வெளியே போய்விடும், ஜெயிக்கிற அணி மேலே போகும், அதுதான் வழக்கம் என்று தரையில் கோடு போட்டு விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"தோத்தவனை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுததா?"

"பின்னே? தோத்தாச்சுல்லா?"

"முதல் நாள் தோத்தவனுக்குச் சீசன் முழுக்க என்ன சோலி? வேற வழி இல்லியா சார்வாள்?"

லீக் என்று ஒன்று உண்டு, எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆட வேண்டும், தோற்றாலும் மறு வாரம் வரலாம் என்றேன். "அதான். அதான் வேணும்" என்று எழுந்தே விட்டார். எங்கள் பக்கத்தில் லீக் வந்தது இப்படித்தான். விளையாட்டு வளர வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் அதில் இல்லை, தோற்றவனைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அணிகளுக்கு ஊர்ப் பெயர் வைத்தால் அரிவாளில்தான் முடியும் என்று நான் பயந்தேன். அவர் அருவிப் பெயர் வைத்தார். ஐந்தருவி, புலியருவி, சிற்றருவி, பழைய அருவி, செண்பகாதேவி. ஆட்டக்காரர்களைச் செம்புக்குள் சீட்டுப் போட்டு எடுத்துப் பிரித்தார். இலத்தூர்க்காரனும் செங்கோட்டைக்காரனும் ஒரே அணியில் வந்து விழுந்தார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்கள் கிட்டங்கிக்கு வந்து சத்தம் போட்டார்கள். "எங்க பய எதுக்கு அவனோட சேர்ந்து ஆடணும்?" என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சி மோர் கொடுத்து உட்காரவைத்து, "ஐந்தருவி எந்த ஊருக்குச் சொந்தம்னு சொல்லுங்க, அந்த ஊருக்கே கொடுத்திடுதேன்" என்றார். அவர்கள் மோரைக் குடித்துவிட்டு, முதல் நாள் முன்வரிசையில் இடம் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த லீக் மூன்று சீசன் ஓடியது. நின்றதற்கும் காரணம் அவர் குணம்தான். இரண்டாம் வருஷம் ராயகிரியிலிருந்து ஓர் அணி வந்து நின்றது, "சரியான நேரத்துக்கு வந்திய" என்று சேர்த்துக்கொண்டார். அப்புறம் திருவேங்கடத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களையும் சேர்த்தார். அணி கூடக்கூட ஆட்டமும் கூடும் அண்ணாச்சி, எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும், இது லீக் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஆடட்டும் சார்வாள்" என்றார். மூன்றாம் வருஷம் சாரல் நின்று, சீசன்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்து, ஆவணி முகூர்த்தமும் வந்துவிட்டது. பாதி ஆட்டம் பாக்கி. கல்யாண வீட்டுக்காரர்கள் கம்பு கேட்டு வர, கொட்டகையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். கடைசி ஆட்டம் கூரையே இல்லாத இடத்தில், எனக்கும் மதினிக்கும் சில ஆடுகளுக்கும் முன்னால் நடந்தது. ஆட்டக்காரர்களுக்கு அன்றைக்கும் பேசிய சம்பளம் கொடுத்தார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கடைசி நாள் இல்லை. திறப்பு நாள்தான்.

ஆடியின் முதல் ஞாயிறு. குற்றாலம் போகிற பாதையில், இலஞ்சி வயல்களை ஒட்டிய ஒரு தோப்போரத்தில் கொட்டகை. சாரலில் தரை வழுக்காமல் இருக்கச் செங்கோட்டை மரக்கடையிலிருந்து வண்டி வண்டியாக மரத்தூள் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். மத்தியானமே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. மெட்ராஸ்காரர் ஒருவர் தரையில் உட்கார முடியாது என்றதும், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் மாப்பிள்ளை நாற்காலியை, சிவப்பு வெல்வெட்டோடு கொண்டுவந்து போட்டார் அண்ணாச்சி. மனிதர் அதில் கூச்சமே இல்லாமல் அமர்ந்துகொண்டார். எல்லாம் தயார். ஐந்தருவிக்கும் புலியருவிக்கும் ஆட்டம். ஆனால் ஆட்டக்காரர்கள் பாதிப் பேரைக் காணோம்.

அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவருக்குத் தொந்தி. ஒருவர் கையில் ஊன்றுகோல். ஒருவன் இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தான். வரிசைக் கடைசியில் ஒரு பெண், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். இலஞ்சிச் சுடலைமுத்துவின் மனைவி பேச்சி. சுடலைமுத்துதான் ஐந்தருவி அணியின் உயிர். அவனைப் பார்ப்பதற்காகவே பாதிக் கூட்டம் வந்திருந்தது.

"நீங்கள்லாம் யாரு?" என்றேன்.

"நான் சுடலைமுத்து வீட்டுக்காரி. மடையில தண்ணி எங்க வயலுக்குத் திரும்பிட்டு. அவரு நாத்து பறிக்காரு. கூலி முன்னாலயே வாங்கியாச்சுல்லா, வீட்டுல இருந்து ஒரு ஆள் வரணும்லா? அதான் நான் வந்தேன். என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள்.

வரிசையில் நின்ற எல்லாரையும் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. வயல் வேலைக்கு முன்பணம் வாங்கியவன் வர முடியாவிட்டால் வீட்டிலிருந்து வேறு ஆளை அனுப்புவது அந்தப் பக்கத்து நாணயம். சம்பளம் என்று அண்ணாச்சி முன்கூட்டியே கொடுத்ததை அவர்கள் கூலி என்று எடுத்துக்கொண்டு, கூலிக்கு உண்டான மரியாதையைச் செய்துவிட்டார்கள். மலையில் இரண்டு நாளாக நல்ல மழை. அருவியில் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்த அதே மழைதான் கால்வாயில் தண்ணீரைக் கொண்டுவந்து ஆட்டக்காரர்களை வயலில் இறக்கிவிட்டிருந்தது. கார் பருவ நடவுக் காலத்தில் போட்டியை வைத்திருக்கிறோம். பந்தலை யோசித்தவர் பயிரை யோசிக்கவில்லை. அவருக்கு யோசனை சொன்ன நானும்தான்.

"சடுகுடுவுக்கெல்லாம் ஆள் மாத்தி அனுப்பக் கூடாதும்மா! விதி இருக்கு!" என்று கத்தினேன்.

"நீங்க எதுக்கு ஏசுதிய? வேலை செய்யாமலா போயிடுவேன்?" என்று அவளும் கத்தினாள்.

அண்ணாச்சி என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "சார்வாள், இன்னைக்கு இந்தக் கொட்டகையில ஆட்டம் நடக்கலேன்னா இனிமே நடக்காது. சடுகுடு ஆடினா சம்பளம் உண்டுன்னு ஒரு பயலும் நம்ப மாட்டான். மறுபடியும் துண்டுதான்" என்றார். கொஞ்ச நேரம் பேச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் புள்ள சொன்னதுதான் சரி. ஆளுக்கு ஆள். ஏலே, எல்லாரும் வேட்டியை மடிச்சுக் கட்டுங்கலே!" என்று தன் பந்தல் ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஆடி மாதம் வேலையில்லாமல் இருந்த அத்தனை பேரும் கம்பு ஏற்றும் இரண்டு மாட்டு வண்டிகளில் ஏறினார்கள். அண்ணாச்சியும் நானும் ஏறினோம், பேச்சியும் ஏறினாள். வயல் வயலாக நிறுத்தி, ஓர் ஆளை இறக்கி ஓர் ஆட்டக்காரனை ஏற்றினோம். சேற்றுக் காலோடு அவர்கள் வண்டியில் தாவி ஏறிய வேகத்தைப் பார்த்தால், கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரிதான் தெரிந்தது. கடைசியாகச் சுடலைமுத்துவின் வயலுக்கு வந்தோம். அப்போது எங்களிடம் இறக்குவதற்கு ஆள் யாரும் மிச்சமில்லை.

பேச்சி வண்டியிலிருந்து குதித்து நடவுப் பெண்களோடு சேர்ந்துகொண்டாள். சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "வர முடியாது அண்ணாச்சி. நாத்து முத்திப் போயிட்டு. இன்னைக்கு விட்டா நாளைக்கு மடை அடுத்த வயலுக்குப் போயிரும். எதையாவது வித்தாவது நான் வாங்கின பணத்தைத் திருப்பித் தந்திருதேன்."

அண்ணாச்சி சட்டையைக் கழற்றி வண்டிக் கம்பில் மாட்டினார். வரப்பிலிருந்து நேரே தொளிக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் வரைக்கும் சேறு ஏறியது.

"அண்ணாச்சி, என்ன பண்ணுதிய? நீங்க இல்லாம எப்படி? கொடி ஏத்தணும், நாலு வார்த்தை பேசணும்" என்றேன்.

"நீங்க ஏத்துங்க சார்வாள். பேசுததுக்கு என்ன, ஆட்டம்தான் பேசும். ஏலே சுடலை, சனம் காத்துக் கிடக்கு, போ!"

அவன் தயங்கித் தயங்கி ஏறினான். வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்றைப் பறித்து, கற்றை கட்டி, பழக்க தோஷத்தில் பந்தல் முடிச்சே போட்டுவிட்டார் போலிருக்கிறது. நடுகிற பெண்கள் பல்லால் கடித்தும் அவிழாமல், "ஏ அண்ணாச்சி, இது நாத்தா, கல்யாணப் பந்தலா?" என்று சத்தம் போட்டது தோப்பு வரைக்கும் கேட்டது.

ஆட்டம் நடந்தது. அதுபோல ஓர் ஆட்டத்தை நான் அப்புறம் பார்க்கவில்லை. இலத்தூர்க்காரன் பிடிபட்டபோது செங்கோட்டைக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஏன் கத்துகிறோம் என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். மெட்ராஸ்காரர் மாப்பிள்ளை நாற்காலியின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். கடைசியில் சுடலைமுத்து பாடிப் போனான். புலியருவிக்காரர்கள் நாலு பேர் மொத்தமாக அவன் மேல் விழுந்தார்கள். மூச்சை விடாமல், நாலு பேரையும் இழுத்துக்கொண்டு, மரத்தூளில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து வந்து நடுக்கோட்டில் விரல் நுனியை வைத்தான். நான் விசில் ஊதினேன். கொட்டகையே பெயர்ந்துவிடும் போல ஒரு சத்தம் எழுந்தது.

கூட்டம் கலைவதற்குள் நானும் சுடலைமுத்துவும் வண்டியை விரட்டிக்கொண்டு வயலுக்குப் போனோம். பொழுது சாய இன்னும் கொஞ்சம் இருந்தது. மெல்லிய சாரல். வயலில் பாதிக்கு மேல் நட்டு முடிந்திருந்தது. அண்ணாச்சி அதே இடத்தில் குனிந்து நின்றார். தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு.

சுடலைமுத்து வண்டியிலிருந்து குதித்து, வேட்டியை மடித்துக்கொண்டு வயலில் கால் வைக்கப் போனான்.

"வைக்காதலே!" என்றார் அண்ணாச்சி. அவர் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. "மேல நில்லு. நீ சம்பளக்காரன். இன்னைக்கு உன் வேலை முடிஞ்சு போச்சு. மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுதோம்."

சுடலைமுத்து வரப்பில் நின்றான். தன் வயலில் மற்றவர்கள் வேலை செய்ய, தான் சும்மா நிற்பது அவனுக்குப் பழக்கமில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பேச்சியைப் பார்த்தான். அவள் கையில் நாற்றோடு நிமிர்ந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "சத்தம் கேட்டுச்சு சார்வாள். ஒவ்வொரு சத்தமும் கேட்டுச்சு. யாரு புடிச்சா, யாரு போனான்னுதான் தெரியல. கடைசியா ஒரு சத்தம் வந்துச்சே, அது என்ன?"

அவரை ஏசித்தான் எனக்குப் பழக்கம், அந்த நேரத்தில் ஏசுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "அதைச் சொன்னா விளங்காது அண்ணாச்சி" என்றேன்.

"அப்போ ஆடிக் காட்டச் சொல்லுங்க."

சுடலைமுத்து ஒரு கணம் நின்றான். பிறகு அந்த அகல வரப்பில் தொடையைத் தட்டிக்கொண்டு, 'சடுகுடு சடுகுடு' என்று பாடி ஓடினான். இல்லாத நாலு பேர் அவன் மேல் விழுந்தார்கள். அவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு, ஈர மண்ணில் தவழ்ந்து, மூச்சை விடாமல் என் செருப்பு வரைக்கும் வந்து விரலை வைத்தான். நடுகிற பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். விசில் என் கழுத்தில்தான் கிடந்தது. எடுத்து ஊதினேன்.

அண்ணாச்சி தொளிக்குள் நின்றபடி, கையிலிருந்த நாற்றோடு சேர்த்துக் கை தட்டினார். விடாமல் தட்டினார். சேறு தெறித்து என் வெள்ளைக் கால்சட்டை முழுவதும் விழுந்தது. நான் நகரவில்லை.